ஸ்கார்பெக் வழுக்கு வழக்கு

மனித குல வரலாற்றில் பாலங்களைக் கட்டியவர்கள் உண்டு, இடித்தவர்கள் உண்டு, கட்டாமலே கட்டியதாகத் திறந்து வைத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு பாலத்தைத் தொடாமல், துடைக்காமல், அதன்மேல் படர்ந்த பாசியில் ஓர் இழைகூடக் கெடாமல் காப்பாற்றி, அதன் வழியாக ஆங்கில மொழிக்கே உயிர்ப்பிச்சை அளித்த பெருமை, யார்க்‌ஷையர் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஸ்கார்பெக் ஊராட்சி மன்றம் ஒன்றுக்கே உரியது. அந்த மன்றத்தின் தலைவர் எட்வின் ஐவ்சன். தொழில், இறைச்சிக் கடை. தொண்டு, மொழி. இரண்டாவது, கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஊரின் நடுவே ஓடை போகிறது. இந்தக் கரையில் சந்தைத் திடல், எட்வினின் கடை, மதுக்கடை, தேவாலயம். அந்தக் கரையில் பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், எட்வினின் அக்கா தெல்மா நடத்தும் மீன் வறுவல் கடை. இரண்டு கரைகளையும் இணைப்பது பலகைக் கற்களால் ஆன நடைபாலம். அதற்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. மற்றப் பக்கத்துக் கைப்பிடி எப்போது ஓடையில் விழுந்தது என்பது பற்றி ஊர்ப் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரு கரையிலும் மரங்கள் கவிந்திருப்பதால் வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மழையோ எங்களை மறப்பதே இல்லை. ஆகவே கற்களின்மேல் பாசி பச்சைப் பட்டு விரித்தாற்போல இருக்கும். இலையுதிர் காலம் வந்ததும் ஓடைக்கரை வீட்டுக்காரர்கள் முரட்டுத் துடைப்பத்தையும் பிளீச்சிங் தண்ணீரையும் எடுத்து வந்து தேய்த்துக் கழுவி மணல் தூவுவார்கள். இதற்கென்று மன்றத் தீர்மானம் எதுவும் கிடையாது. அதனால்தான் அது ஒழுங்காக நடந்து வந்தது.

அக்டோபர் மாதக் கூட்டத்தில் தெல்மா எழுந்தாள். ஒவ்வொரு அக்டோபரிலும் எழுபவள்தான்.

"எட்வின், வருஷா வருஷம் வாய் வலிக்கச் சொல்றேன். அந்தப் பாலம் ஸ்லேப்பா இருக்கு. எவனாவது மண்டைய உடைச்சுக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரு கம்பிய நட்டு, கல்லக் கொஞ்சம் கொத்தி விடுங்க."

எட்வின் தொண்டையைச் செருமினார். 'பரிசீலனையில் உள்ளது' என்ற அவருடைய புகழ்பெற்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

எழுந்து நின்றவர் ஜூலியன் ஃபென்விக். லண்டனில் விளம்பர நிறுவனம் ஒன்றில் சோப்புக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் வாசகம் எழுதி ஓய்வுபெற்று, எங்கள் ஊர்ப் பழைய மாவு மில்லை வாங்கிக் குடியேறியவர். ஊரில் தட்டைத் தொப்பி அணிகிற ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் கழற்றி எறிந்த தொப்பிகளை எங்களிடமே தேடி வாங்கினார்.

"ஒரு நிமிஷம்! மேடம், இப்ப என்ன சொன்னீங்க?"

"கல்லக் கொத்தச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கம்பிய நடச் சொன்னேன்."

"அதுக்கும் முன்னாடி!"

"மண்டை உடையும்னேன். உங்களுக்கு இப்பவே உடைஞ்சிருக்கும் போலிருக்கே."

"இல்ல, இல்ல. பாலம் எப்படி இருக்குன்னீங்க?"

"ஸ்லேப்பா இருக்கு."

ஜூலியன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்லேப் என்றால் வழுக்கல். வடக்கத்திப் பள்ளத்தாக்குகளைத் தாண்டினால் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்குக்கு உள்ளேயும் அதைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வழுக்கி விழுந்தவர்கள் மட்டும் சொல்வார்கள். அதுவும் அச்சிட முடியாத வேறு சில சொற்களின் துணையோடு.

"இது வைக்கிங்குகளோட கப்பல்ல வந்து இறங்கின சொல்!" என்று முழங்கினார் ஜூலியன். "ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்த ஓடைக்கரையில மூச்ச விடாம உயிரோட இருக்கு. நீங்க என்னடான்னா கம்பி, கல்லுன்னு பேசிட்டு இருக்கீங்க!"

அந்தக் கணம் எட்வினின் உள்ளத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. பாலத்தைச் செப்பனிட மன்றத்திடம் நிதி இல்லை. ஒரு சொல்லைப் போற்றுவதற்கோ நிதியே தேவையில்லை. கைதட்டல் போதும். அவர் முதலில் தட்டினார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். தெல்மாவின் கோரிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. அதாவது, கோரிக்கையிலிருந்து ஒரே ஒரு சொல் ஏற்கப்பட்டது. மீதி, பரிசீலனைக்குப் போனது.

மறுவாரமே 'பொருள் வரையறைத் துணைக்குழு' மதுக்கடையில் கூடியது. எட்வின் தலைவர். ஜூலியன் செயலாளர், சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவி. உறுப்பினர், ஆட்டுப்பண்ணை ஜாஸ் கியர்ட்டன். இலவசமாக பீர் கிடைக்கும் என்று எட்வின் சொன்னதால் வந்தவர்.

"சொல்லுங்க ஜாஸ். எதெல்லாம் ஸ்லேப்?" என்றார் ஜூலியன்.

"பனிக்கட்டி ஸ்லேப். பாசி ஸ்லேப். அப்பத்தான் பொறந்த ஆட்டுக்குட்டி ஸ்லேப்."

"சாணி?"

"சாணில வழுக்கினா அது ஸ்லேப் இல்ல."

"ஏன்?"

"சாணிதான் கண்ணுக்குத் தெரியுதே. தெரிஞ்சும் மிதிச்சா அதுக்கு வேற பேரு."

ஜூலியனுக்குப் புல்லரித்தது. "அப்படின்னா ஆபத்து மறைஞ்சிருக்கணும்! எட்வின், இது வெறும் சொல் இல்ல, தத்துவம்!"

"உங்க இஷ்டம்போல வெச்சுக்குங்க. எனக்கு இன்னொரு கோப்பை சொல்லுங்க" என்றார் ஜாஸ்.

"சோப்பு?" என்று கேட்டார் எட்வின், தலைவர் ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

ஜாஸ் வெகுநேரம் யோசித்தார். "சோப்பு கடையில வாங்கறது. கடையில வாங்கறதுக்கெல்லாம் நம்ம பேச்சுல சொல் கெடையாது."

"நானும் கடைதான்டா வெச்சிருக்கேன்."

"அதான் உன்கிட்ட பேசவே சொல் கெடைக்க மாட்டேங்குது."

இத்தகைய ஆழ்ந்த விவாதங்களின் முடிவில், 'நின்றவரை நிற்கவிடாத தன்மை' என்ற வரையறை நிறைவேறியது. ஜூலியன் அதை அருஞ்சொல் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு அனுப்பி வைத்தார். அழியும் நிலையிலுள்ள சொற்களுக்கு அடைக்கலம் கொடுப்பது அந்த அறக்கட்டளையின் பணி. அங்கிருந்து முனைவர் இமோஜென் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற அம்மையார் மழைக்காலணியும் மெல்லிய குரலுமாக வந்து சேர்ந்தார். நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர் மாதிரி முகம்.

"இந்தச் சொல் இப்ப எங்க வாழுது?" என்று கேட்டார்.

எட்வின் பாலத்தைக் காட்டினார்.

அம்மையார் பாசியருகே குந்தி உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்தார். "அருமை. இதை யாரும் கெடுக்கலையே?"

"நாங்க எதுவுமே செய்யறதில்ல மேடம்."

"அதான் வேணும். மத்த ஊர்ல என்ன பண்ணிட்டாங்க தெரியுமா? கல்ல சொரசொரப்பாக்கி, கம்பி போட்டு, விளக்குப் போட்டு, கடைசில சொல் போக்கிடம் இல்லாம செத்துப் போச்சு. ஒரு சொல்லு வாழணும்னா அதோட பொருள் வாழணும். பொருள் வாழ ஒரு இடம் வேணும். இதுதான் வாழிடம். இதத் தேய்க்காம, கழுவாம, மணல் போடாம பாதுகாக்க உங்களால முடியுமா?"

எட்வின் நெஞ்சில் கை வைத்தார். "மேடம், அதத்தான் நாங்க இத்தனை வருஷமா செஞ்சிட்டு வர்றோம்."

இப்படியாக, எதுவும் செய்யாத ஒரு மன்றம் அதற்காகவே உதவித்தொகை பெற்ற அரிய நிகழ்ச்சி எங்கள் ஊரில் நடந்தது. பாலத்தைத் துடைப்பது, தேய்ப்பது, கழுவுவது, மணல் தூவுவது ஆகியவை தடை செய்யப்பட்டன. எட்வின் பிரதேச வானொலியில் பேசினார். கடையில் கத்தியைத் தீட்டும்போதுகூட, யாரோ பேட்டி எடுப்பது போலவே நின்றார்.

நவம்பரில் ஒரு காலை, கடை ஜன்னல் வழியே பார்த்தவருக்குப் பகீரென்றது. பாலத்தின் நடுவில் தெல்மா, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பமும் வாளியுமாக நின்றாள். எட்வின் ரத்தக்கறை படிந்த ஏப்ரனோடு ஓடினார். பாலத்தின் விளிம்பு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார்.

"தெல்மா, துடைப்பத்தக் கீழ வை."

"ஏன், நீ பெருக்கப் போறியா?"

"தீர்மானம் போட்டாச்சு. இது இப்ப வெறும் பாலம் இல்ல. பாதுகாக்கப்பட்ட வாழிடம்."

"எதோட வாழிடம்?"

"சொல்லோட."

"எந்தச் சொல்லு?"

"ஸ்லேப்."

"அதத்தானே கழுவிட்டு இருக்கேன்!"

"அதத்தான் கழுவக் கூடாதுங்கறேன்!"

தெல்மா துடைப்பத்தின்மேல் சாய்ந்து தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "சின்ன வயசுல இதே ஓடையில விழுந்து நீ தத்தளிச்சப்ப, காதப் புடிச்சு இழுத்துப் போட்டது யாரு?"

"அது வேற. இப்ப நான் தலைவராப் பேசறேன்."

"தலைவருக்கும் அதே காதுதானே?"

எட்வின் தம்மையறியாமல் ஒரு கையைக் காதுக்குக் கொண்டுபோனார். அந்தக் கைதான் கைப்பிடியைப் பிடித்திருந்தது என்பதால் உடனே திரும்பக் கொண்டுவந்தார். தெல்மா அதைப் பார்த்தாள்.  வாளியில் இருந்த பிளீச்சிங் தண்ணீரை அப்படியே கற்களின்மேல் கவிழ்த்துவிட்டு, துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பாதிப் பாலம் வெளுத்துப் போனது. ஜூலியன் அதைப் பார்த்துவிட்டுத் துக்க வீட்டுக்கு வந்தவர்போல நின்றார். பிறகு, லண்டன் தோட்டக்காரர்கள் கல்லில் பாசி பிடிக்க வைக்கத் தயிர் பூசுவார்கள் என்பது அவர் நினைவுக்கு வந்தது. மன்றச் செலவில் வாளி வாளியாகத் தயிர் வந்தது. கொட்டும் மழையில், தட்டைத் தொப்பியுடன் ஜூலியன் பிரஷ் பிடிக்க, எட்வின் குடை பிடிக்க, எங்கள் பாலத்துக்குத் தயிர் அபிஷேகம் நடந்தது. ஓடைக்கரைப் பூனைகள் திரளாக வந்து கலந்துகொண்டன. அவற்றில் இரண்டு வழுக்கி விழுந்ததை ஜூலியன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்து, பலகை. கருவாலி மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கி, பாலத்தின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். அதில் ஒரே ஒரு சொல்: ஸ்லேப்.

"அடியில சின்னதா 'வழுக்கும்'னு போட்டுடலாமே" என்றார் ஜாஸ்.

"மொழிபெயர்ப்பா?" ஜூலியன் அதிர்ந்து போனார். "சொந்த மண்ணுல, சொந்த ஓடைக்கரையில, ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பா? அதவிட அவமானம் உண்டா?"

"அதுவும் சரிதான்" என்றார் எட்வின். அவருக்கு 'அதுவும் சரிதான்' என்று சொல்வது பழக்கமாகிவிட்டிருந்தது.

திறப்பு விழாவுக்குப் பித்தளை வாத்தியக் குழு வந்தது. பாலத்தைக் கடந்து வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய ஊதுகுழலைத் தோளில் மாட்டியிருந்தவர் பாலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தமக்குப் பிள்ளைகள் இருப்பதாகத் தெரிவித்தார். எனவே கரையிலேயே நின்று வாசித்தார்கள்.

வானொலிப் பேச்சைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் கார் கார்களாக வந்தார்கள். பலகைமுன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பொருள் குறித்து அவர்களிடையே நடந்த ஆராய்ச்சி, துணைக்குழுவின் ஆராய்ச்சிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

"இந்த ஊர் பேரா?" என்றாள் லீட்ஸிலிருந்து வந்த ஒரு பெண்.

"ஊர் பேரு ஸ்கார்பெக்னு இப்பத்தானே பாத்தோம்" என்றார் கணவர். "இது ஸ்லோப்னு எழுத வந்திருக்கான். சரிவா இருக்குன்னு சொல்றான். பாவம், எழுத்துப் பிழை."

"பாலம் மட்டமாத்தானே இருக்கு?"

"அதான் சொல்றேன், ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லியபடி அவர் காலை வைத்தார். அடுத்த கணம் பாலத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த கணம் ஓடையில் உட்கார்ந்திருந்தார்.

எட்வின் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். சொட்டச் சொட்ட நின்ற மனிதருக்குச் சொல்லின் வரலாற்றை வைக்கிங் காலத்திலிருந்து விளக்கினார்.

"பொருள் புரிஞ்சுதா சார்?"

"நல்லாப் புரிஞ்சுது" என்றார் அவர், பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே.

"புத்தகத்துல படிச்சா மறந்துடும்" என்றார் ஜூலியன் பெருமையுடன். "இது அனுபவக் கல்வி."

விழுந்தவர்கள் எல்லோரும் பசியோடு எழுந்தார்கள். எதிரிலேயே எட்வினின் கடை. மாவுக்குள் பன்றியிறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்னும் சூடான பண்டம், நனைந்த கைக்கு இதமாக இருக்கும். ஆரம்பத்தில் யாராவது விழும்போது எட்வின் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார். பிறகு பைகளை முன்கூட்டியே அடுப்பில் வைக்கப் பழகிக்கொண்டார். தொண்டும் தொழிலும் இப்படிக் கைகோத்து நடப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எட்வினின் மனைவி இறந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மீன் வறுவலும் மசித்த பட்டாணியும் தெல்மாவின் கடையிலிருந்துதான் வரும். தெல்மாவே சூடு ஆறாமல் சால்வைக்குள் வைத்துக் கொண்டுவந்து, கல்லாவின்மேல் வைத்து, 'தின்னு தொலை' என்று ஆசீர்வதித்துவிட்டுப் போவாள். துடைப்பச் சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஆசீர்வாதம் மட்டும் சற்று நீண்டிருந்தது.

அன்று தூறல். இரண்டு கையாலும் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு தெல்மா பாலத்தில் வந்தாள். எதிரில் பலகையோடு படம் எடுத்துக்கொண்டிருந்த கும்பலுக்கு வழிவிடக் கைப்பிடி இல்லாத பக்கம் ஒதுங்கினாள். தயிர் பூசிய கல், வளர்த்தவர்களின் நம்பிக்கையைக் காப்பாற்றியது.

சத்தம் கேட்டு எட்வின், யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து, பையை அடுப்பில் வைத்தார். பிறகுதான் ஜன்னலில் அந்தச் சால்வையைப் பார்த்தார்.

முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். அவள் முகம் மாவாக வெளுத்திருந்தது. "இடுப்பு" என்றாள். அவ்வளவுதான். மேலே கரையில் ஜூலியன் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் ஒலிப்பதிவுக் கருவி.

"எட்வின்! விழும்போது என்ன சொன்னாங்க? அந்தச் சொல்லச் சொன்னாங்களா?"

எட்வின் தலைவரான நாளிலிருந்து முதல்முறையாக யோசிக்காமல் பேசினார். "போய்யா அந்தப் பக்கம்!"

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு முறிவு. அறுவை முடிந்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தெல்மா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மீன் என்னாச்சு?"

"ஓடையோட போயிடுச்சு."

"அந்த மீனாவது ஊர் போய்ச் சேரட்டும்."

எட்வின் குடையைக் கையில் உருட்டினார். "தெல்மா, ஊராட்சி மன்றத்தின் சார்பாக..."

"தம்பியா வந்திருந்தா உக்காரு. மன்றமா வந்திருந்தா பார்வையாளர் நேரம் முடிஞ்சு போச்சு."

உட்கார்ந்தார். ஊசி குத்திய அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். போர்வையைச் சரிசெய்து, தண்ணீர்க் கோப்பையை அவள் கைக்கெட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் முழுவதும் அவர் தம்பியாகவே இருந்தார் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அப்படியே எழுந்து போயிருக்கலாம். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கேஸு கீஸுன்னு எதுவும் போட மாட்டியே?"

தெல்மா கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "அப்படி ஒரு நெனப்பே இல்லாமத்தான் இருந்துச்சு, எட்வின். நீ கேட்ட பாரு, இப்ப வந்துடுச்சு."

வட்டார வழக்கைக் காக்கப் புறப்பட்ட மன்றம், வழுக்கில் தொடங்கி வழக்கில் வந்து நின்றது இப்படித்தான். ஓர் உகரத்தை உதிர்த்தால் போதும், தூரம் ஒன்றும் அதிகமில்லை.

மன்றத்தின் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய வக்கீல், ஹார்காஸில் என்பவர், சந்தோஷமான மனிதர். "உங்க பலகை மாதிரி ஒரு பலகைய நான் பாத்ததே இல்ல" என்றார். "வெளியூர்க்காரன் விழுந்தா, எச்சரிச்சிருந்தோமே, படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியது அவன் பொறுப்புன்னு சொல்லலாம். உள்ளூர்க்காரங்க விழுந்தா, உங்க சொந்தச் சொல்லுதானே, தெரியாதான்னு கேக்கலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நாமதான் நிப்போம்."

"அதுவும் சரிதான்" என்றார் எட்வின். ஆனால் அன்று இரவு உணவு அவருக்கு இறங்கவில்லை.

மாவட்ட நீதிமன்றத்தில் நாங்கள் பாதி ஊர் கூடியிருந்தோம். தெல்மா ஊன்றுகோல்களோடு முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய வக்கீல் மிஸ் சவர்பி, பள்ளிக்கூடத்தை இப்போதுதான் விட்டு வந்தவள்போலத் தோற்றம். எட்வின் சாட்சிக் கூண்டில் ஏறியதும் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மிஸ்டர் ஐவ்சன், ஸ்லேப்னா என்ன?"

எளிய கேள்வி. வானொலியில் ஒரு மணி நேரம் பதில் சொன்ன கேள்வி. எட்வின் வாயைத் திறந்தார். ஹார்காஸில் இருமினார். எட்வினுக்குச் சட்டென்று உறைத்தது. வழுக்கும் என்று சொன்னால், வழுக்கும் என்று தெரிந்தே கழுவக்கூடாது என்று தடைபோட்ட மன்றம் குற்றவாளி. வழுக்கும் என்று பொருள் இல்லை என்றால், பலகை எச்சரிக்கையே இல்லை, அப்போதும் குற்றவாளி. முன்வரிசையில் தெல்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அந்தக் கணம் கடந்தது.

"பொருள்... ஆய்வில் உள்ளது" என்றார்.

"பலகைய வெச்சது நீங்கதானே?"

"வெச்சோம். எச்சரிக்கையா வெக்கல. மரியாதையா வெச்சோம்."

"அப்ப எச்சரிக்கையே இல்லையா?"

"எச்சரிக்கைதான். ஆனா குறிப்பா எதப் பத்தியும் இல்ல."

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஐவ்சன், நேராச் சொல்லுங்க. அந்தப் பாலம் வழுக்குமா, வழுக்காதா?"

"கனம் நீதிபதி அவர்களே, வழுக்குதல்ங்கறது நடக்கறவங்க கோணத்துலேருந்து பாத்தா ஒரு மாதிரியும், பாலத்தோட கோணத்துலேருந்து பாத்தா..."

"பாலத்துக்குக் கோணம் இருக்கா?"

"மட்டமான பாலம்தான், அம்மா."

நீதிபதி பெருமூச்சு விட்டுத் தெல்மா பக்கம் திரும்பினார். "மிஸஸ் ஆல்டர்சன், இந்தச் சொல்ல நீங்க தினம் பேசறவங்க. நீங்களாவது சொல்லுங்க. எதுக்கெல்லாம் இதச் சொல்வீங்க?"

தெல்மா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். "ரெண்டுக்குச் சொல்வோம், அம்மா. கால வெச்சா நிக்காத இடத்துக்குச் சொல்வோம். அது இந்தத் துணைக்குழுக்காரங்க கண்டுபிடிச்சது. இன்னொண்ணு அவங்க கேக்கவே இல்ல. கேள்விய வெச்சா நிக்காத ஆளுக்கும் சொல்வோம். இந்தப் பக்கம் புடிச்சா அந்தப் பக்கம் நழுவுறவன். தேனாப் பேசுவான், பிடி குடுக்க மாட்டான்."

"வாக்கியத்துல எப்படி வரும்?"

தெல்மா கூண்டைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எட்வினுக்குத் தாங்கவில்லை. "நம்ம எட்வின் ரொம்ப ஸ்லேப்."

சபை அதிரச் சிரித்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஜூலியன் துள்ளி எழுந்தார். "இரண்டாம் பொருள்! உயிரோட இருக்கு! மேடம், தயவுசெஞ்சு இன்னொரு தரம் சொல்றீங்களா?" காவலர் அவரை வெளியே அழைத்துப் போனார்.

மன்றம் தோற்றது. கற்களைக் கொத்தி, பாசியைச் சுரண்டி, மறுபக்கமும் கைப்பிடி நடும்படி உத்தரவானது. ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு எளிய வேலை என்று எங்களில் யாருக்குமே தெரியாது.

வசந்தம் வந்ததும் முனைவர் இமோஜென் மறுபடி வந்தார். சொரசொரத்த கற்களில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர்கூட விழவில்லை. "போச்சு" என்றார் ஈனக்குரலில். மனத்தைத் தேற்றிக்கொள்ள தெல்மாவின் கடைக்குப் போய் வரிசையில் நின்றார். வெள்ளிக்கிழமை; வரிசை தெருவரை நீண்டிருந்தது.

"மருத்துவமனைக்கு பஸ் விடறோம்னாங்களே, என்னாச்சு?" என்றாள் முன்னால் நின்றவள்.

"கேட்டேன். பரிசீலனையில் இருக்காம்" என்றார் ஜாஸ். "மன்றம் பூராவே ஸ்லேப்."

"அந்தப் புதுக் கணக்கர் இருக்காரே?"

"அவர் அதவிட ஸ்லேப். கைகுலுக்கினா கை மட்டும்தான் வரும்."

இமோஜென் அம்மையாரின் கண்கள் விரிந்தன. ஒரே வரிசையில், ஒரே மாலையில், ஒரு சொல் இத்தனை முறை! அவருடைய பணிக்காலத்திலேயே கேட்டறியாத செழிப்பு.

அப்போது எட்வின் உள்ளே வந்தார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மீனை அவரே வந்து வாங்க வேண்டியிருந்தது. பேச்சு நின்றது. அவர் முறை வந்தது. தெல்மா ஊன்றுகோலைக் கல்லாவில் சாய்த்துவிட்டு, இருந்ததிலேயே பெரிய துண்டத்தை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள்.

"வினிகர்?"

"கொஞ்சம்."

கட்டி நீட்டினாள். "பாத்துப் போ. இப்பத்தான் கழுவினேன். வாசப்படி ஈரமா இருக்கு."

எட்வின் தயங்கினார். "நீ முன்னெல்லாம் 'ஸ்லேப்பா இருக்கு'ன்னுதானே சொல்லுவ?"

"அது இப்ப உன் பேரு ஆயிடுச்சு. படிக்கு வெச்சா படி கோவிச்சுக்கும்."

எட்வின் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு பொட்டலத்தை வாங்கினார். படியில் கவனமாக இறங்கிப் போனார்.

மே மாதத் தேர்தலில் அவரே மீண்டும் தலைவரானார், போட்டியில்லை. அறக்கட்டளையின் அறிக்கையும் அதே வாரம் வந்தது. ஸ்லேப் என்ற சொல் அழியவில்லை என்றும், பாலத்திலிருந்த தன் பழைய வாழிடத்தை விட்டு, அதைவிடக் குளிர்ந்த, வெயில் படாத, என்றும் பாசி காயாத ஊராட்சி மன்றத்துக்குக் குடிபெயர்ந்து பல்கிப் பெருகி வருகிறது என்றும் அம்மையார் மகிழ்ச்சியுடன் எழுதியிருந்தார். பாலத்தையாவது ஒரு நீதிபதி சொன்னதும் ஒரே வாரத்தில் சுரண்டிக் கழுவிவிட்டோம். இந்தப் புது இடத்தைக் கழுவத் துடைப்பத்தோடு நாங்கள் ஒருவரும் இன்னும் புறப்படவில்லை. ஆகவே சொல்லின் எதிர்காலம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.